கப்பலை வேறொருவர் எடுத்துவிட்டார்: முற்பதிவு செய்தவருக்கு என்ன உரிமை?

கிண்ணியாவைச் சேர்ந்த எனது மச்சான் ஒருவர் டுபாயில் தொழில் புரிகிறார். வாப்பாவும் உம்மாவும் நடமாட்டத்துடன் இருக்கும்போதே அவர்களைக் கடல் பயணம் ஒன்றுக்கு அழைத்துச் செல்ல வேண்டும் என்பது அவரது நெடுநாள் ஆசை. டிசம்பரில் டுபாயிலிருந்து புறப்படும் ஏழு நாள் உல்லாசக் கப்பல் பயணமொன்றுக்கு ஜனவரியிலேயே இரண்டு அறைகளைப் பதிவு செய்தார். லீவு எடுத்தது, பெற்றோருக்குக் கட்டுநாயக்கவிலிருந்து மலிவு விலையில் டிக்கட் வாங்கியது, உம்மாவுக்கு முதன்முறையாகப் பாஸ்போர்ட் எடுத்தது எல்லாம் அந்தத் திகதியை வைத்துத்தான்.

ஓகஸ்ட் மாதத்தில் ஒரு மின்னஞ்சல் வந்தது. குறித்த வாரத்துக்குக் கப்பலை ஒரு குழு முழுமையாக வாடகைக்கு எடுத்துள்ளதால் உங்கள் பதிவு இரத்துச் செய்யப்படுகிறது. பணத்தை மீளப் பெறலாம், அல்லது வேறு திகதிக்கு மாறலாம். மாறினால் கப்பலில் செலவழிக்க ஒரு சிறு தொகை அன்பளிப்பாகத் தருவோம். அவ்வளவுதான் விடயம்.

"காசத் திருப்பித் தாராங்க தானே, இனி என்ன?" என்று வீட்டில் கேட்டார்கள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். பிறகு அந்த ஒப்பந்தத்தை எடுத்து வாசித்துப் பார்த்தபோதுதான், இது பணம் திரும்பி வருவதோடு முடிகிற விடயமல்ல என்று விளங்கியது.

முதலில் இந்த வியாபாரம் எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். மூவாயிரம் பேர் செல்லும் கப்பல் ஒன்றை நிரப்ப, கம்பனி விளம்பரம் செய்ய வேண்டும், முகவர்களுக்குத் தரகு கொடுக்க வேண்டும், விற்காமல் மிஞ்சும் அறைகளைக் கடைசி வாரங்களில் விலை குறைத்துத் தள்ள வேண்டும். இதற்கிடையில் ஒருவர் வந்து, "அந்த வாரம் முழுக் கப்பலும் எனக்கு வேண்டும்" என்கிறார். இதைத்தான் சார்ட்டர் என்பார்கள். இசைக்குழு ரசிகர்களைத் திரட்டும் ஏற்பாட்டாளர், விற்பனையாளர்களுக்கு வெகுமதிப் பயணம் கொடுக்கும் பெரிய கம்பனி, சில வேளை ஓர் அரசாங்கம் என்று யாராகவும் அவர் இருக்கலாம். அறைகள் நிரம்பினாலும் நிரம்பாவிட்டாலும் முழுத் தொகையும் அவர் பொறுப்பு. கம்பனிக்கு ஒரே கையெழுத்தில் கப்பல் விற்றுப் போகிறது.

இன்னொரு கணக்கும் உண்டு. பெரிய கப்பல் கம்பனிகளின் வருமானத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு டிக்கட்டில் வருவதல்ல. கப்பலுக்குள் நடக்கும் மது விற்பனை, கஸினோ, கடைகள், கரைச் சுற்றுலா என்பவற்றில் வருவது. முழுக் கப்பலையும் எடுக்கும் குழுவிடம் இந்த வருமானத்துக்கும் உத்தரவாதம் கேட்டு வாங்க முடியும். மது அருந்தாத, கஸினோ பக்கம் எட்டியும் பார்க்காத ஒரு கிண்ணியாக் குடும்பம் அந்தக் கணக்கில் எங்கே நிற்கும் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். (அப்படிப்பட்ட கப்பலில் போகத்தான் வேண்டுமா என்று சிலர் கேட்பது எனக்குக் கேட்கிறது. அது நியாயமான கேள்விதான். ஆனால் இங்கு பேசுவது ஒப்பந்தத்தைப் பற்றி.)

பிரச்சினை காலத்தில்தான் இருக்கிறது. கப்பல் பயணங்கள் ஒன்றரை வருடம், இரண்டு வருடம் முன்பே விற்பனைக்கு வந்துவிடுகின்றன. சார்ட்டர் பேச்சுவார்த்தைகளும் அநேகமாக அதே காலத்தில்தான் நடக்கும். பேச்சு நடக்கிறது என்பதற்காகக் கம்பனி விற்பனையை நிறுத்தி வைப்பதில்லை. பேச்சு முறிந்தால் நட்டம் யாருக்கு? ஆகவே ஒரு கையால் உங்களுக்கு விற்றுக்கொண்டே மறு கையால் முழுக் கப்பலுக்கும் விலை பேசுகிறார்கள். அந்த இடைவெளியில் விழுகிறவர்தான் நேரத்தோடு பதிவு செய்தவர். பிந்தி வந்தவருக்கு ஒரு பாதிப்பும் இல்லை!

நேரத்துக்குச் செய்தால் இது யாருக்கும் தீங்கில்லாமல் முடியும் என்பதற்குக் கட்டார் ஓர் உதாரணம். 2022 உலகக் கிண்ணக் காற்பந்துப் போட்டியின்போது ரசிகர்கள் தங்குவதற்காக எம்.எஸ்.சி. கம்பனியின் கப்பல்கள் தோஹா துறைமுகத்தில் மிதக்கும் ஹொட்டல்களாக நிறுத்தப்பட்டன. முதல் இரண்டு கப்பல்களுக்கான உடன்படிக்கை 2019 இலேயே, அதாவது மூன்று வருடங்களுக்கு முன்பே செய்யப்பட்டது. அவற்றில் ஒன்றான வேர்ல்ட் யூரோப்பா அப்போது கட்டிமுடிக்கப்படவும் இல்லை. அவ்வளவு முன்கூட்டியே பேசிவிட்டால் அந்தத் திகதிகளைப் பொதுமக்களுக்கு விற்க வேண்டிய தேவையே வராது.

இதற்கு நேர்மாறானது அமெரிக்காவில் 2005 இல் நடந்தது. கத்ரினா சூறாவளிக்குப் பின் அந்நாட்டு அரசாங்கம் கார்னிவல் கம்பனியின் எக்ஸ்டசி, சென்சேஷன், ஹொலிடே ஆகிய மூன்று கப்பல்களை ஆறு மாதங்களுக்கு 236 மில்லியன் டொலருக்கு வாடகைக்கு எடுத்தது. வீடிழந்தவர்களையும் மீட்புப் பணியாளர்களையும் தங்க வைப்பதே நோக்கம். அந்தக் கப்பல்களில் ஏற்கெனவே பதிவு செய்திருந்தவர்களின் பயணங்கள் இரத்தாகின. தொகை மிக அதிகம் என்று அமெரிக்கக் காங்கிரஸில் பின்னர் கடும் விமர்சனம் எழுந்தது வேறு கதை. 2022 இல் உக்ரேன் அகதிகளுக்காக வொலெண்டாம் என்ற கப்பல் நெதர்லாந்தின் ரொட்டர்டாமில் நிறுத்தப்பட்டபோதும் அதன் சில பயணங்கள் கைவிடப்பட்டன.

வீடிழந்த ஒருவருக்காக எனது விடுமுறை போனால் நான் அதைப் பெரிதாக எடுக்கமாட்டேன். உங்களில் பலரும் அப்படித்தான் என்று நினைக்கிறேன். ஆனால் அகதிக்காக இரத்துச் செய்வதும் கூடுதல் இலாபத்துக்காக இரத்துச் செய்வதும் ஒப்பந்தத்தில் ஒரே இடத்தில்தான் இருக்கின்றன. டிக்கட் வாங்கும்போது நாம் வாசிக்காமல் "சம்மதம்" என்று அழுத்துகிறோமே, அந்த நீண்ட ஆவணத்தில் கப்பல் கம்பனி எந்தக் காரணங்களுக்காகப் பயணத்தை இரத்துச் செய்யலாம் என்று ஒரு பட்டியல் இருக்கும். புயல், வேலைநிறுத்தம், யுத்தம், இயந்திரக் கோளாறு என்று போகும் அந்த வரிசையில் பல கம்பனிகள் சார்ட்டரையும் செருகி வைத்திருக்கின்றன. புயல் அல்லாஹ்வின் நாட்டம். சார்ட்டர், கம்பனியின் அலுவலகத்தில் மேசையில் இருந்து எடுத்த முடிவு. இரண்டையும் ஒரே வரியில் வைத்து, இரண்டுக்கும் டிக்கட் பணத்துக்கு அப்பால் பொறுப்பில்லை என்று எழுதுவதுதான் இங்குள்ள சூட்சுமம். பயணி இரத்துச் செய்தால் நிலைமை வேறு. புறப்படும் திகதி நெருங்க நெருங்கத் தண்டப்பணம் கூடி, கடைசி வாரங்களில் முழுத் தொகையும் போய்விடும்.

இதை நமது மார்க்கச் சட்டம் எப்படிப் பார்க்கிறது? பத்வா சொல்ல நான் ஆலிம் அல்ல. ஆனால் ஷாபிஈ மத்ஹபின் கிதாபுகளில் வாடகை, அதாவது இஜாரா பற்றிய பாடத்தில் உள்ள அடிப்படை தெளிவானது. இஜாரா இரு தரப்பையும் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம். ஒருவர் தனக்கு ஏற்பட்ட ஒரு காரணத்தைச் சொல்லித் தனியே அதை முறிக்க முடியாது. ஹனபி மத்ஹபில் தக்க காரணத்துக்காக முறிப்பதற்குக் கூடுதல் இடமுண்டு. ஆனால் அதிக விலை தருகிற இன்னொருவர் வந்தார் என்பதைத் தக்க காரணம் என்று சொல்வது கடினம்.

ஷாபிஈ அறிஞர்கள் இன்னொரு நுட்பமான வேறுபாட்டையும் காட்டுகிறார்கள். "இந்த ஒட்டகத்தை" என்று குறிப்பிட்டு வாடகைக்கு எடுப்பது ஒன்று. "என்னை மக்காவுக்குக் கொண்டு சேர்" என்று பொறுப்பைக் கொடுப்பது இன்னொன்று. முதலாவதில் அந்த ஒட்டகம் இறந்துவிட்டால் ஒப்பந்தம் முடிந்துவிடும். ஆனால் அது உயிரோடு இருக்கும்வரை அந்தக் காலத்துக்கான அதன் பயன் வாடகைக்கு எடுத்தவருக்கு உரியது. உரிமையாளர் அதை வேறொருவருக்கு மறுபடி வாடகைக்கு விட முடியாது. இரண்டாவதில் ஒரு ஒட்டகம் இல்லாவிட்டால் இன்னொன்றைக் கொண்டுவந்து நிறுத்துவது வாகனக்காரரின் கடமை. கப்பல் பயணத்தை எந்த வகையில் சேர்த்தாலும், கப்பல் மிதந்துகொண்டிருக்க "உனக்கு இடமில்லை" என்று சொல்வதற்கு வழி இலகுவாகக் கிடைக்காது.

கம்பனியின் தரப்பில் ஒரு பதில் உண்டு. நிபந்தனையை வாசித்து ஏற்றுக்கொண்டுதானே வாங்கினீர்கள், முஸ்லிம்கள் தமது நிபந்தனைகளைப் பேண வேண்டும் என்று ஹதீஸ் இருக்கிறதே என்று கேட்கலாம். அது பாரதூரமான வாதம்தான். ஒருவருக்கு மாத்திரம் எப்போது வேண்டுமானாலும் முறிக்கும் உரிமையைக் கொடுக்கும் நிபந்தனை செல்லுமா என்பது உலமாக்கள் விளக்க வேண்டிய இடம். ஜம்இய்யத்துல் உலமாவின் பத்வாக் குழு இதை எடுத்துப் பேசினால் கப்பலில் போகாதவர்களுக்கும் பயன்படும். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

நாட்டுச் சட்டங்களைப் பார்த்தால், பயணி எங்கே வாங்கினார் என்பதைப் பொறுத்து அவரது கை பலம் பெறுகிறது அல்லது பலவீனமடைகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2015 ஆம் ஆண்டுப் பொதிப் பயண விதிகளின்படி, ஏற்பாட்டாளர் நட்டஈடு கொடுக்காமல் பயணத்தை இரத்துச் செய்யக்கூடியது இரண்டு நிலைமைகளில் மட்டுமே. முன்பே அறிவித்த குறைந்தபட்ச எண்ணிக்கையில் ஆட்கள் சேராமை ஒன்று, தவிர்க்க முடியாத அசாதாரண சூழ்நிலை மற்றது. இலாபத்துக்காகச் செய்த சார்ட்டர் இவ்விரண்டிலும் அடங்காது. பணத்தை 14 நாட்களுக்குள் திருப்பிக் கொடுக்கவும் வேண்டும். பிரித்தானியாவின் 2018 விதிகளும் இதே அமைப்பில்தான் உள்ளன. ஆகவே லண்டனிலோ பாரிஸிலோ உள்ள உங்கள் பிள்ளை அங்கே பதிவு செய்தால், டிக்கட் பணத்துக்கு மேலதிகமாகவும் கேட்க முடியும். பலர் இதை அறியாமல் வந்த பணத்தை வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்துவிடுகிறார்கள்.

இலங்கையில் வாங்கினால்? 1997 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க நியாயமற்ற ஒப்பந்த நிபந்தனைகள் சட்டம் நம்மிடம் இருக்கிறது. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையும் இருக்கிறது. 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து முறையிடலாம். ஆனால் கப்பல் கம்பனியின் ஒப்பந்தம் வழக்கை வெளிநாட்டு நீதிமன்றம் ஒன்றில்தான் பேச வேண்டும் என்று எழுதியிருக்கும். இரண்டு அறைக்கான பணத்துக்காக யார் மியாமிக்குப் போவது? நடைமுறையில் நீங்கள் பிடிக்கக்கூடிய கை, பணத்தை வாங்கி ரசீது கொடுத்த கொழும்பு முகவரின் கைதான். அதனால்தான் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் பதிவுள்ள முகவரா என்று முதலில் பார்க்க வேண்டும்.

இரத்து அறிவித்தல் வந்துவிட்டால் அவசரப்பட்டு எதையும் தெரிவு செய்யாதீர்கள். எதிர்காலப் பயணத்துக்கான வரவு என்று வருவதற்குப் பெரும்பாலும் காலாவதித் திகதி உண்டு, பணத்துக்கு இல்லை. மாற்றுத் திகதி உங்களுக்குப் பொருந்தினால், புதிய விலை கூடுதலாக இருந்தாலும் பழைய விலைக்கே தர வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். விமான டிக்கட்டின் திகதி மாற்றக் கட்டணத்தை ஒரு வரம்புக்குட்பட்டுத் தரும் கம்பனிகள் உள்ளன. ஆனால் கேட்டவருக்குத்தான் தருவார்கள், ரசீதும் வேண்டும். பயணக் காப்புறுதியை நம்பியிருக்க வேண்டாம். அநேகமான காப்புறுதிகளில் குறிப்பிட்ட காரணங்களுக்கு மட்டுமே பணம் கிடைக்கும், சார்ட்டர் அவற்றில் இருப்பது அரிது.

பதிவு செய்யுமுன் செய்யக்கூடியதும் உண்டு. மீளளிக்க முடியாத மலிவு விமான டிக்கட்டை முந்தி வாங்காதீர்கள், மச்சான் அகப்பட்டது அதில்தான். பதிவு செய்த பிறகும் இடைக்கிடை கம்பனியின் இணையத்தளத்தில் உங்கள் திகதியைத் தேடிப் பாருங்கள். முன் வாரமும் பின் வாரமும் விற்பனையில் இருக்க, உங்கள் வாரத்தில் மட்டும் எல்லா வகை அறைகளும் ஒரேயடியாக மறைந்திருந்தால் சார்ட்டர் பேச்சு நடக்கிறது என்று சந்தேகிக்கலாம்.

கப்பலில் போகாதவர்களுக்கும் இது பயன்படும் என்றேன். நமது ஊர்களில் கலியாண மண்டபத்துக்கு ஒரு ஏழைக் குடும்பம் முற்பணம் கட்டியிருக்கும். அதே திகதியில் பெரிய வலீமா ஒன்று வந்தால், "உங்களுக்கு வேறு நாள் தரலாம்" என்று ஒரு கோல் வரும். உம்ராப் பயண விளம்பரத்தில் ஹரத்துக்கு அருகிலுள்ள ஹொட்டலின் பெயர் பெரிதாக இருக்கும், கீழே சிறிதாக "அல்லது அதற்கு நிகரான" என்றிருக்கும். மக்காவில் இறங்கிய பிறகுதான் அந்த நிகரானது எத்தனை கிலோமீற்றர் தள்ளி இருக்கிறது என்று தெரியவரும். அறைகளைப் பெரிய குழுவொன்று மொத்தமாக எடுத்திருக்கும். ஹஜ், உம்ரா முகவர்கள் முஸ்லிம் சமய பண்பாட்டலுவல்கள் திணைக்களத்தில் பதிவு செய்திருக்க வேண்டியவர்கள். ஆகவே அந்தச் சிறிய வரியைப் பற்றிக் கேட்க நமக்கு ஓர் இடமாவது இருக்கிறது.

மொத்தமாக எடுக்கும் குழுக்களுக்கும் ஒரு வார்த்தை. பழைய மாணவர் சங்கங்களும் குடும்ப ஒன்றுகூடல்களும் இப்போது முழு ஹொட்டலையே எடுக்கின்றன. ஒரு சகோதரரின் வியாபாரத்தின் மேல் இன்னொருவர் வியாபாரம் செய்வதை ரஸூலுல்லாஹ் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் தடுத்தது புகாரி, முஸ்லிம் கிரந்தங்களில் பதிவாகியுள்ளது. அந்தத் தடை எந்த எல்லை வரை நீளும் என்பதில் சட்ட விளக்கங்கள் இருக்கலாம். ஆனால் முற்பணம் கட்டுமுன், "இந்தத் திகதிக்கு ஏற்கெனவே யாருக்காவது கொடுத்திருக்கிறீர்களா, அவர்களுக்கு என்ன செய்யப் போகிறீர்கள்?" என்று கேட்பதற்கு பத்வா தேவையில்லை.

மச்சான் அன்பளிப்பை மறுத்துப் பணத்தையே வாங்கிக்கொண்டார். விமான டிக்கட்டுகளை ஜனவரிக்கு மாற்றிய கட்டணத்தில் பாதி, மூன்றாவது கடிதத்துக்குப் பிறகு கிடைத்தது. லீவைத்தான் மாற்ற முடியவில்லை. வாப்பாவும் உம்மாவும் ஜனவரியில் டுபாய் போய், அவருக்கு ஓய்வு கிடைத்த ஒரு வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு, தலைக்கு ஒரு திர்ஹம் கொடுத்து அப்ரா வள்ளத்தில் க்ரீக்கைக் கடந்து வந்தார்கள்.