வெள்ளிக் கொலுசும் அக்காவின் லேப்டாப்பும்

போன மாதம் அக்கா ஒரு துணிப்பையோடு வந்தாள். உள்ளே அவளுடைய பழைய இலவச லேப்டாப். மூடியில் இருந்த அரசு முத்திரை பாதி தேய்ந்து போயிருந்தது.

"கடையில காட்டினேன்டா. மதர்போர்டு போச்சு, காயலான் கடைக்குத்தான்னு சொல்லிட்டாங்க. மெஷின் போனா போகட்டும். உள்ள அம்மா பேசுனது இருக்கு."

அம்மா இறப்பதற்கு முந்தைய வருடம் போனில் பதிவு செய்தவை அவை. அந்த போன் இப்போது இல்லை. வேறு பிரதியும் இல்லை.

தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. எல்காட் நிறுவனம் வாங்கிக் கொடுக்க, அரசு, அரசு உதவி பெறும் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு லட்சக்கணக்கில் போய்ச் சேர்ந்தன. எங்கள் மேல்விஷாரம் பக்கமும் பல வீடுகளில் பீரோ மேலே ஒன்று தூங்கிக்கொண்டிருக்கும். அதனால், நான் என்ன செய்தேன் என்று வரிசையாக எழுதி வைக்கிறேன். யாருக்காவது உதவும்.

முதலில் டிஸ்க், அப்புறம்தான் மெஷின்

லேப்டாப் செத்தால் உள்ளே இருப்பதும் செத்துவிட்டது என்று நினைக்கிறோம். தப்பு. மதர்போர்டு வேறு, ஹார்டு டிஸ்க் வேறு. பேட்டரியைக் கழற்றி, அடிமூடியைத் திறந்து, 2.5 அங்குல டிஸ்க்கை வெளியே எடுத்தேன். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் யூஎஸ்பி கேஸில் போட்டு என் கம்ப்யூட்டரில் சொருகினேன். ஃபோல்டர்கள் வந்தன. அம்மாவின் பதிவுகளை இரண்டு இடத்தில் பிரதி எடுத்த பிறகுதான் மற்ற வேலை. டிஸ்க்கிலிருந்து 'டக் டக்' என்று சத்தம் வந்தால் மட்டும் திரும்பத் திரும்ப முயற்சி செய்யாதீர்கள். உடனே நிறுத்திவிட்டு, டேட்டா மீட்பு தெரிந்தவரிடம் கொடுங்கள்.

அறிகுறி என்ன சொல்கிறது?

பட்டனை அழுத்தினால் விளக்கு எரிந்தது, ஃபேன் சுற்றியது, திரை மட்டும் கருப்பு. விளக்கே எரியாவிட்டால் சார்ஜர், பவர் சாக்கெட் பக்கம் பார்க்க வேண்டும். இங்கே கரண்ட் போகிறது. விண்டோஸ் வருவதற்கு முன்பே, தன்னைத் தானே சோதித்துக்கொள்ளும் கட்டத்தில் மெஷின் நின்றுவிடுகிறது. ஆகவே விண்டோஸைத் திரும்பப் போட்டுப் பயனில்லை.

1. சார்ஜர், பேட்டரி இரண்டையும் எடுத்துவிட்டு, பவர் பட்டனை 30 நொடி அழுத்திப் பிடித்தேன். தேங்கிய மின்சாரம் போய்விடும். மாற்றமில்லை.
2. வெளி மானிட்டர் ஒன்றை மாட்டினேன். அதிலும் கருப்பு. அப்படியென்றால் திரை மேல் குற்றமில்லை.
3. டிஸ்க் இல்லாமலே ஓட்டினேன். அதே கதை. டிஸ்க்கும் காரணமில்லை.
4. ரேமைக் கழற்றிப் பக்கத்து ஸ்லாட்டில் மாட்டினேன். திரையில் எழுத்து வந்தது!

பழைய ஸ்லாட்டில் திரும்ப மாட்டினால் மறுபடியும் கருப்பு. கோளாறு அந்த ஸ்லாட்டின் தொடர்புப் பட்டைகளில்தான். மதர்போர்டு முழுசாகப் போகவில்லை. ஐசோபுரோபைல் ஆல்கஹால் நனைத்த துணியால் ரேமின் தங்க நிறப் பட்டையைத் துடைத்தபோது துணியில் கருப்பு ஒட்டியது. (ரப்பரால் அழுத்தித் தேய்க்கச் சொல்வார்கள். அந்த முலாம் மிக மெல்லியது, உரிந்துவிடும்.)

அந்தக் கருப்பு எங்கிருந்து வந்தது?

இங்கேதான் எனக்கு ஊர் ஞாபகம் வந்தது. தோல் பதனிடும்போது முடியை நீக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்ஃபைடு சேர்ப்பார்கள். அந்தக் கழிவுநீரில் அமிலம் கலந்தாலோ, தேங்கிய நீரில் பாக்டீரியா வேலை செய்தாலோ ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு கிளம்பும். அழுகிய முட்டை வாடை. பாலாறு மாசு வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது, பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் இருக்கின்றன. ஆனாலும் சில ராத்திரிகளில் காற்று திரும்பினால் வாடை தெரியும்.

இந்த வாயு செம்பையும் வெள்ளியையும் தின்னும். மின்னணுக் கருவிகள் இருக்கும் அறைக் காற்றுக்கு ஐஎஸ்ஏ 71.04 என்று ஒரு தரநிலை உண்டு. அதில் மிதமான நிலையான ஜி1இல், ஒரு மாதத்தில் செம்பின் மேல் படியும் படலம் 300 ஆங்ஸ்ட்ராமுக்குக் குறைவாக இருக்க வேண்டும். அந்த நிலைக்கான ஹைட்ரஜன் சல்ஃபைடு அளவு 100 கோடியில் 3 பங்குக்கும் கீழே. நம் மூக்கு வாடையை உணர்வதும் கிட்டத்தட்ட அந்த அளவில்தான். மூக்குக்குத் தெரிந்தால், போர்டுக்கும் தெரியும்.

2006 ஜூலை முதல் ஐரோப்பாவில் மின்னணுப் பொருட்களில் ஈயம் கட்டுப்படுத்தப்பட்டது. ஈயப் பூச்சுக்குப் பதில் சில போர்டுகளுக்கு வெள்ளி முலாம் வந்தது. பிறகு, கந்தகம் கலந்த களிமண்ணில் கார் மாதிரி செய்யும் டிசைன் ஸ்டுடியோக்களிலும், காகித ஆலைகளிலும் கம்ப்யூட்டர்கள் சீக்கிரமே செத்தன. காரணம் இதே வாயுதான்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்தேன். உடைந்த வெள்ளிக் கொலுசின் இரண்டு துண்டுகளைப் பளபளப்பாக்கி, ஒன்றை இறுக மூடிய டப்பாவிலும், ஒன்றை அக்கா வீட்டில் லேப்டாப் இருந்த அலமாரியிலும் வைத்தேன். மூன்று வாரத்தில் அலமாரித் துண்டு பழுப்பேறியது. டப்பாவில் இருந்தது அப்படியே. செம்பு சாதாரணக் காற்றிலேயே மங்கும், வெள்ளி பெரும்பாலும் கந்தகத்தால்தான் கறுக்கும். ஆகவே காற்றில் கந்தகம் இருக்கிறது. ஆனால் அந்த ஸ்லாட்டைக் கெடுத்தது அதுதான் என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. பத்து வருடத் தூசியும் ஈரமும் அங்கே இருந்தன.

என்ன செய்யலாம்?

உபயோகிக்காத மெஷினை இறுக மூடிய பிளாஸ்டிக் பையில் வையுங்கள். சிலிக்கா ஜெல் ஈரத்தைத்தான் இழுக்கும், இந்த வாயுவை அவ்வளவாகப் பிடிக்காது. ஆனால் ஈரம் குறைந்தாலே அரிப்பும் குறையும். கடையில் "மதர்போர்டு போச்சு" என்றால், ரேமை இரண்டு ஸ்லாட்டிலும் மாற்றிப் பார்த்தீர்களா என்று கேளுங்கள். முக்கியமானதை இன்றைக்கே வேறொரு இடத்தில் பிரதி எடுங்கள்.

லேப்டாப் இப்போது ஒரே ஸ்லாட்டில் மெதுவாக ஓடுகிறது. அக்கா முதலில் திறந்தது எண்ணெய்க் கத்தரிக்காய்க்கு எவ்வளவு புளி கரைக்கணும் என்று அம்மா சொல்லும் பதிவு. "அடியே, கண்ணு மட்டத்துக்குப் போட வேண்டியதுதான்" என்று அம்மா அலுத்துக்கொள்ளும் இடத்தை இரண்டு தடவை கேட்டாள்.