நெய்தல் நிலத்தில் படியும் சாம்பல்

கடலும் கடல்சார்ந்த நிலமும் நெய்தல் எனக் கற்கின்றோம். அந்நெய்தலின் வளம் நீரில் மட்டுமன்று, நீருக்கடியிலுள்ள சேற்றிலும் இருக்கின்றது. பழவேற்காட்டு ஏரியை நோக்குவார்க்கு இவ்வுண்மை எளிதிற் புலப்படும். பறியை வாயிற் கவ்விக்கொண்டு, கைகளால் சேற்றைத் துழாவி இறால் பிடிக்கும் இருளர் மக்களை அங்குக் காணலாம். பூநாரைகள் நாடி வருவதும் அச்சேற்றையே.

மண்ணில் நஞ்சு படிந்தால் யாது நிகழும்? பசிபிக் பெருங்கடலின் மார்ஷல் தீவுகள் விடை கூறுகின்றன. அங்கு 1946 முதல் 1958 வரை அமெரிக்கா 67 அணுவெடிச் சோதனைகளை நடத்தியது. 1954 மார்ச் 1இல் பிகினியில் வெடித்த குண்டின் சாம்பல் ரோங்கலாப் தீவு மக்கள்மேல் பொழிந்தது. அதிலிருந்த சீசியம்-137 பாதியாகக் குறையவே ஏறத்தாழ 30 ஆண்டுகள் ஆகும். பவளத்தீவு மண்ணில் பொட்டாசியம் குறைவு. ஆகவே அதனையொத்த சீசியத்தைத் தென்னை உறிஞ்சிக்கொண்டது. தேங்காயைத் தின்ற நண்டிலும், இவ்விரண்டையும் உண்ட மனிதரிலும் அது சேர்ந்தது. பிகினிக்குத் திரும்பிய மக்கள் 1978இல் மீண்டும் வெளியேற்றப்பட்டனர்.

நம் கரையில் குண்டு வெடிக்கவில்லை. எனினும் சாம்பல் உண்டு. வடசென்னை அனல்மின் நிலையத்தின் சாம்பற்குழம்பு, குழாய்க் கசிவுகளால் கொசஸ்தலை ஆற்றிலும் எண்ணூர்க் கழிமுகத்திலும் படிந்தது. அக்கழிமுகத்தைப் பழவேற்காட்டு ஏரியுடன் பக்கிங்காம் கால்வாய் இணைக்கின்றது. நிலக்கரியில் இயற்கையாகவுள்ள யுரேனியமும் தோரியமும், கரி எரிந்தபின் சாம்பலிற் செறிகின்றன. ஆயினும் இக்கதிர்வீச்சு மிகச் சிறிது. பிகினியோடு ஒப்பிடுதல் பொருந்தாது. ஆர்சனிக், பாதரசம், ஈயம் முதலியனவும், சேற்றையே மூடிவிடும் சாம்பற்படிவுமே இங்குப் பெருங்கவலை. கதிரியக்கம் காலத்தால் தேயும், உலோகங்களோ தேய்வதில்லை.

பழவேற்காட்டு மீனவர் 'பாடு' என்னும் முறையால் ஏரியைப் பகிர்ந்து கொள்கின்றனர். முறைவைத்து வலையிடும் உரிமை அது. சேறு கெட்டால் முறை வரும், இறால் வாராது. பிகினி மக்கள் நிலத்தை விட்டுப் பெயர்ந்தனர். இவர்களோ இருந்த இடத்திலேயே வாழ்விழக்க நேரும்.

எண்ணூர்க் கழிமுகத்தைச் சீரமைக்குமாறு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2022இல் ஆணையிட்டது. அகற்றுதலோடு அமையாது, சேற்றையும் இறாலையும் நண்டையும் காலந்தோறும் ஆய்ந்து, முடிவுகளைக் குப்பங்களில் தமிழில் அறிவித்தல் வேண்டும். தாம் உண்பதும் விற்பதும் எத்தகையது என அறிவது அம்மக்களின் உரிமையன்றோ?