நிலக்கரியும் நைதரசன் பசளையும்

நிலக்கரி கமத்தொழிலுக்குத் தொடர்பற்ற பொருள் எனப் பலர் எண்ணுவர். ஆயினும் வயலில் இடப்படும் நைதரசன் பசளையின் வரலாற்றில் நிலக்கரிக்கும் பங்குண்டு.

முற்காலத்தில் பிரித்தானியாவில் நிலக்கரியை மூடிய கலங்களிற் காய்ச்சி, விளக்கெரிக்கும் வாயுவை எடுத்தனர். உடன் வெளிவந்த அமோனியாவைக் கந்தக அமிலத்துடன் சேர்த்து அமோனியம் சல்பேற்று ஆக்கினர். 1913 இல் ஜேர்மனியின் ஒப்பாவு என்னுமிடத்தில் புதிய முறையொன்று தொழிற்சாலைக்கு வந்தது. நிலக்கரியைச் சுட்டுப் பெற்ற கற்கரியின் மீது நீராவியைச் செலுத்தி ஐதரசனைப் பெற்றனர். அதனைக் காற்றிலுள்ள நைதரசனுடன் பேரமுக்கத்தில் இணைத்து அமோனியா செய்தனர். யூரியாவும் அமோனியாவிலிருந்தே உண்டாக்கப்படுகிறது. இன்று பல நாடுகள் இதற்கு இயற்கை வாயுவைப் பயன்படுத்துகின்றன. சீனாவோ பெரும்பாலும் நிலக்கரியையே பயன்படுத்துகிறது.

ஆதலால் எரிபொருள் விலை ஏறின் பசளை விலையும் ஏறும். 2021 இல் சீனாவில் நிலக்கரி விலை உயர்ந்தது. ஒக்டோபரில் பசளை ஏற்றுமதியும் கட்டுப்படுத்தப்பட்டது. அவ்வாண்டு நவம்பரில் இலங்கையின் இரசாயனப் பசளைத் தடை நீங்கிய பின்னரும், யூரியா அரிதாயும் விலை மிக்கதாயும் இருந்ததைக் கமக்காரர் மறவார்.

100 கிலோ யூரியாவில் 46 கிலோ நைதரசன் உண்டு. அதனை வீணாக்கலாகாது. களை பிடுங்கிய பின், சிபாரிசு செய்யப்பட்ட அளவைத் தவணைகளாகப் பகிர்ந்து இடுக. பெருமழைக்கு முன் இட்டாற் கழுவுண்டு போகும். ஆழத் தேங்கிய நீரில் தூவினால் ஒரு பகுதி வாயுவாகிப் பறந்துவிடும்.

வைக்கோலை எரியாது வயலுக்கே திருப்புக. தோட்ட நிலத்திற் கிளிரிசீடியா, பூவரசு முதலிய குழைகளைத் தாழ்க்குக. வேலியில் வளரும் பசளைக்குச் சுரங்கமும் வேண்டாம், கப்பலும் வேண்டாம்.