வீட்டில் இரண்டு ரவுட்டர்: எதற்கு எந்த வேலை?

ஒளியிழை இணைப்பு வழங்கும் நிறுவனம் நம் வீட்டுச் சுவரில் ஒரு பெட்டியைப் பொருத்திவிட்டுச் செல்கிறது. ஒளியாக வரும் தகவலை மின்குறிப்பாக மாற்றுதல், இணைய முகவரியைப் பெற்றுக் கருவிகளுக்குப் பகிர்தல், வைஃபை பரப்புதல் ஆகிய மூன்றையும் அப்பெட்டியே செய்கிறது. முதல் பணிக்கு அது இன்றியமையாதது. மற்ற இரண்டையும் நாம் வாங்கும் ரவுட்டரிடம் ஒப்படைக்கலாம். வீட்டிலிருந்தே வங்கிக் கணக்கை இயக்குவோர் அவ்வாறு செய்வது நன்று என்பது நம் கருத்து.

காரணம் உண்டு. ரவுட்டரின் நிர்வாகப் பக்கம் பிறர் வசமானால், இணையதளப் பெயரை முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் அமைப்பை அவர் திருத்திவிட இயலும். பின்னர் வங்கியின் பெயரைப் பிழையின்றித் தட்டச்சு செய்தாலும் போலித் தளம் திறக்கக்கூடும். அப்போது பிரவுசர் பெரும்பாலும் சான்றிதழ் எச்சரிக்கை காட்டும். அதைக் கடந்து செல்லாமல், வைஃபையை அணைத்துவிட்டுக் கைபேசி டேட்டாவில் முயன்று பார்ப்பதே முறை. நம் சொந்த ரவுட்டரில் கடவுச்சொல்லும் மென்பொருள் புதுப்பிப்பும் நம் கையில் இருக்கும்.

இணைப்பது எளிது. நிறுவனப் பெட்டியின் லேன் போர்ட்டிலிருந்து வரும் கேபிளைப் புதிய ரவுட்டரில் ‘வேன்’ அல்லது ‘இன்டர்நெட்’ என்று குறிக்கப்பட்ட போர்ட்டில் செருக வேண்டும். பலர் தடுமாறும் இடம் இதற்கு அடுத்தது. இரண்டு கருவிகளும் 192.168.1.1 என்ற ஒரே முகவரியைக் கொண்டிருந்தால் இணையம் வராது. புதியதன் முகவரியை 192.168.50.1 என்பது போல் மாற்றினால் சிக்கல் தீரும். பிறகு பழைய பெட்டியின் வைஃபையை மறவாமல் அணைத்துவிட வேண்டும். இல்லையேல் வீட்டுக் கைபேசிகள் பழக்கப்பட்ட பழைய பெயரையே நாடிச் செல்லும். புதிய ரவுட்டரின் பாதுகாப்பு அவற்றுக்குக் கிட்டாது.

இவ்வமைப்பில் முகவரி இருமுறை மாற்றப்படுகிறது. துறையினர் இதை ‘டபுள் நேட்’ என்பர். இதைப் பற்றிய அச்சம் தேவைக்கு மேல் பரவியுள்ளது. வங்கிச் சேவை, காணொளி, அலுவலகப் பணி எதுவும் இதனால் தடைபடுவதில்லை. வெளியிலிருந்து நேரடியாக வீட்டுக் கேமராவை அணுகுவோருக்கும் சில இணைய விளையாட்டுகளுக்குமே இடையூறு நேரும். அவர்கள் பெட்டியை ‘பிரிட்ஜ்’ நிலைக்கு மாற்றித் தருமாறு நிறுவனத்தைக் கேட்கலாம். அப்போது இணைப்புக்குரிய பயனர் பெயர், கடவுச்சொல் ஆகியவற்றையும் கேட்டுப் பெற வேண்டியிருக்கலாம். அதே பெட்டியில் தொலைபேசி இணைந்திருந்தால் அது தொடருமா என்பதையும் முன்கூட்டியே உறுதி செய்துகொள்ள வேண்டும். பெட்டிக்கு நிறுவனம் தந்த முகவரி 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் தொடங்கினால், ஒரே பொது முகவரியை வாடிக்கையாளர் பலர் பகிர்கின்றனர் என்று பொருள். அந்நிலையில் பிரிட்ஜ் மட்டும் பயன் தராது.

புதிய ரவுட்டரின் நிர்வாகக் கடவுச்சொல்லை முதல் நாளே மாற்றுங்கள். அது வைஃபை கடவுச்சொல்லாக இருக்கக் கூடாது. டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3 பாதுகாப்பைத் தேர்ந்தெடுத்து, டபிள்யூபிஎஸ் வசதியையும் வெளியிலிருந்து நிர்வகிக்கும் வசதியையும் அணைத்துவிடுங்கள். விருந்தினர் கைபேசி, ஸ்மார்ட் டிவி, கேமரா ஆகியவற்றுக்கு ‘கெஸ்ட்’ வலையமைப்பு போதும்.

மின்தடையின்போது இணையம் நிலைக்க, இரண்டு கருவிகளுக்குமே யுபிஎஸ் தேவை. நிறுவனப் பெட்டியின் பின்புறமுள்ள சிறு ‘ரீசெட்’ பொத்தானை மட்டும் அழுத்தாதீர்கள். இணைப்புக்கான அமைப்புகள் அழிந்துவிட்டால், நிறுவனத்தின் பணியாளர் வரும்வரை காத்திருக்க நேரும்.