குளிர்கடலும் மாலுமியின் காப்புடையும்

இலங்கையைச் சூழ்ந்த வெதுவெதுப்பான கடலில் நீந்திப் பழகிய நமக்கு, கடலில் வீழ்ந்தோர் நீரில் மூழ்கியே இறப்பர் என்னும் எண்ணம் இயல்பாக உண்டு. வடகடல்களிலோ நீந்த வல்லாரும் குளிரால் மடிவர். நீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக உடற்சூட்டைக் கவர்கின்றது. முதல் நிமிடத்தில் மூச்சுத் திணறும். பத்து நிமிடமளவில் விரல்கள் ஏவல் கேளா. ஒரு மணி நேரத்தில் நினைவு தடுமாறும். எம்மிடம் தமிழ் பயின்று இன்று கப்பல்களிற் பணிபுரிவோர் பொருட்டும், அவரைப் பின்பற்ற விழையும் மாணவர் பொருட்டும் இதனை எழுதுகின்றோம்.

1983 பெப்ரவரி 12 இல் 'மரைன் இலெக்ட்ரிக்' என்னும் நிலக்கரிக் கப்பல் அமெரிக்காவின் வெர்ஜீனியாக் கரைக்கு அப்பால் அமிழ்ந்தது. நீரின் வெப்பநிலை ஏறத்தாழ 4 பாகை சென்ரிகிரேட். குளிர்காப்புடை இல்லாத அக்கப்பலின் 34 பேரில் 31 பேர் மாண்டனர். 2008 மார்ச் 23 இல் பேரிங் கடலில் 'அலாஸ்கா ரேஞ்சர்' என்னும் மீன்பிடிக் கப்பல் அமிழ்ந்தபோது காப்புடை அணிந்திருந்தனர். 47 பேரில் 42 பேர் மீட்கப்பட்டனர்.

மாலுமிகள் 'இமேர்ஷன் சூட்' என்று வழங்கும் இவ்வுடை, முகம் தவிர உடல் முழுவதையும் மூடுவது. பெரும்பாலும் நுரை இறப்பராலானது. வெப்பங்காக்கும் வகையினை அணிந்தோர், 0 முதல் 2 பாகை வரையுள்ள நீரில் 6 மணி நேரம் கிடப்பினும், அவர்தம் உட்சூடு 2 பாகைக்கு மேற் குறைதலாகாது என்பது சர்வதேச விதி.

இத்தகைய உடையும் ஒரு சிப் இறுகிப்போனாற் பயனற்றதாகும். உப்பும் ஈரமும் சிப்பின் பகைவர். ஆதலால் மாதந்தோறும் பையைத் திறந்து, சிப்பை மேலும் கீழும் இழுத்துப் பார்த்து, உற்பத்தியாளர் கூறிய மெழுகைப் பூசுதல் வேண்டும். நீரில் நனைந்த உடையை நன்னீரில் அலசி, உள்ளும் புறமும் நிழலில் உலர்த்துக. சிப்பை முழுவதும் திறந்தபடியே பையில் இடுக. ஆபத்து வேளையில் திறக்க முயன்று நிமிடத்தை இழத்தல் ஆகாது. எண்ணெய் படும் இடத்திலோ, வெப்பமான இடத்திலோ, பாரமான பொருள்களின் கீழோ வைத்தால் இறப்பர் கெடும். மூன்றாண்டுக்கு ஒருமுறையேனும் காற்றடைத்து, தையல்களிற் சவர்க்கார நீர் பூசிக் கசிவு பார்ப்பர். பத்தாண்டு கடந்த உடைக்கு இன்னும் விரைவில் வேண்டும். தையலிற் காணும் சிறு விரிசலைச் சிலர் பொருட்படுத்தார். பனிநீர் புகுதற்கு அத்துணையே போதும்.

உடுக்கும்போது தளத்தில் அமர்ந்து முதலிற் கால்களை நுழைக்கவேண்டும். பின்பு பழக்கம் குறைந்த கை, தலைமூடி, மற்றைக் கை என முடித்துச் சிப்பை ஏற்றிக் குந்தியிருந்து உள்ளிருக்கும் காற்றை வெளியேற்றுக. சிலவகை உடைகளின்மேல் உயிர்காப்பு அங்கியும் அணிதல் வேண்டும். பையில் எழுதியிருப்பதைப் படித்தறிக. கீழ்த்தட்டு அறையினுள் இதனை அணிதல் தகாது. நீர் புகுந்தால் மிதக்கும் உடை அணிந்தவரைக் கூரையோடு அழுத்திவிடும்.

விதியின்படி பிறர் துணையின்றி 2 நிமிடத்தில் உடுத்தல் வேண்டும். உடுத்துப் பாராதவருக்கு அது எளிதன்று. பயிற்சிக்கென இரண்டோர் உடைகளை வேறாக வைத்துக்கொண்டால், ஆபத்துக்குரியவற்றின் சிப் தேயாது.