பழைய வேனுக்குப் பவர் விண்டோ: கதவுக்குள் ஒரு கம்ப்யூட்டர்

கம்ப்யூட்டர் என்றவுடன் மானிட்டர், கீபோர்டு, மவுஸ் ஆகிய மூன்றும்தான் நம் நினைவுக்கு வரும். ஆனால் இந்த மூன்றும் இல்லாத கம்ப்யூட்டர்கள் நம்மைச் சுற்றி நிறையவே இருக்கின்றன. வாஷிங் மெஷினுக்குள் ஒன்று இருக்கிறது. மைக்ரோவேவ் அடுப்புக்குள் ஒன்று இருக்கிறது. கார் கதவுகளைப் பூட்டுவதும் ஒரு சிறிய கம்ப்யூட்டர்தான். அதற்குத் திரை கிடையாது. ஒரே ஒரு புரோகிராம் மட்டும் அதில் ஓடிக்கொண்டிருக்கும்.

சென்ற விடுமுறையில் எங்கள் வீட்டு மாருதி ஆம்னி வேனுக்குப் பவர் விண்டோவும் சென்ட்ரல் லாக்கும் நானே பொருத்தினேன். அதில் ஒரு பெரிய தவறும் செய்தேன். வேலை எப்படி நடந்தது என்பதோடு அந்தத் தவறையும் சொல்கிறேன். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்கு இன்புட், அவுட்புட், புரோகிராம் என்றால் என்ன என்பது இதைப் படித்தால் எளிதில் புரியும்.

அப்பாவின் வேன்

மாருதி வேன் 1984இல் விற்பனைக்கு வந்தது. பிறகு அதன் பெயர் ஆம்னி என்று மாறியது. 2019இல் உற்பத்தி நின்றுவிட்டாலும் நம் ஊர்த் தெருக்களில் இன்னும் நிறைய ஓடுகின்றன. எங்களுடையது 2004 மாடல். அப்பாவின் பாத்திரக் கடைக்குச் சரக்கு ஏற்றிய வண்டி. அப்பாவுக்கு இப்போது வலது தோள்பட்டையில் வலி. கண்ணாடி ஏற்றும் கைப்பிடியைச் சுற்றுவதற்குச் சிரமப்படுகிறார். "ஏம்ப்பா, இஞ்சினியர் ஆகிட்டே. இதுக்கு ஒரு சுவிட்ச் போட்டுத் தர மாட்டியா?" என்று கேட்டார். வேலை அங்கிருந்து ஆரம்பமானது.

ஆம்னியில் முன் கதவு இரண்டில் மட்டும்தான் சுற்றி ஏற்றும் கண்ணாடி. பின்னால் உள்ள தள்ளுக் கதவுகளில் கண்ணாடியைக் கையால் நகர்த்த வேண்டும். எனவே இரண்டு மோட்டார் போதும்.

ஒரே மோட்டார் மேலும் கீழும் எப்படிப் போகிறது?

வண்டியில் இருப்பது 12 வோல்ட் டிசி கரண்ட். பொம்மைக் காரில் பேட்டரியைத் திருப்பிப் போட்டால் கார் பின்னால் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். இங்கும் அதேதான். மோட்டாரின் இரண்டு ஒயர்களில் பிளஸ், மைனஸை மாற்றினால் கண்ணாடி இறங்கும். மறுபடி மாற்றினால் ஏறும். இந்த மாற்று வேலையைத்தான் சுவிட்ச் செய்கிறது. சுவிட்சைத் தொடாதபோது இரண்டு ஒயரும் மைனஸில் இருக்கும். அதனால் மோட்டார் அசையாது.

கடையில் இரண்டு வகை கிட் கிடைக்கும். முதல் வகையில், பழைய கைப்பிடி இருந்த தண்டிலேயே மோட்டார் வந்து உட்காரும். இரண்டாவது வகையில் பழைய விண்டோ மெஷினைக் கழற்றிவிட்டு மோட்டாருடன் கூடிய புதிய மெஷினைப் பொருத்த வேண்டும். முதல் வகை எளிது. இரண்டாவது வகை, வண்டிக்குச் சரியான அளவில் கிடைத்தால், நன்றாக உழைக்கும். நான் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தேன்.

எதை வாங்கினாலும் முதலில் கண்ணாடி ஓடும் ரப்பர் பாதையைச் சுத்தம் செய்யுங்கள். கையால் சுற்றும்போது இறுக்கமாக இருக்கும் கண்ணாடி மோட்டாருக்கும் இறுக்கமாகத்தான் இருக்கும். கதவின் பேடைக் கழற்றினால் உள்ளே ஒரு பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும். அதைக் கிழிக்காமல் எடுத்துத் திரும்ப ஒட்ட வேண்டும். கண்ணாடி வழியாக இறங்கும் மழைத் தண்ணீர் வண்டிக்குள் வராமல் தடுப்பது அந்தத் தாள்தான்.

ஒயரும் பியூஸும்

ஓடிக்கொண்டிருக்கும் விண்டோ மோட்டார் சில ஆம்பியர் கரண்ட்தான் எடுக்கும். கண்ணாடி மேலே முட்டி நின்ற பிறகும் சுவிட்சை அழுத்திக்கொண்டே இருந்தால் அது பல மடங்கு ஏறும். எனவே மெல்லிய ஒயர் கூடாது. பியூஸ் இல்லாமல் எதையும் இணைக்கக் கூடாது. பியூஸை பேட்டரிக்கு மிக அருகில் போட வேண்டும். மோட்டாருக்கு அருகில் போட்டால், நடுவில் ஒயர் உராய்ந்து ஷார்ட் ஆகும்போது பியூஸுக்கு அது தெரியவே தெரியாது, ஒயர்தான் எரியும். பிளேடு பியூஸின் நிறத்தைப் பார்த்தே அளவைச் சொல்லிவிடலாம்: சிவப்பு 10 ஆம்பியர், நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30. கிட்டுடன் வரும் தாளில் சொல்லியிருக்கும் அளவையே போடுங்கள். அடிக்கடி பியூஸ் போகிறதே என்று பெரியதாக மாற்றிவிடாதீர்கள்.

கதவுக்கும் பாடிக்கும் நடுவே ஒயர் போகும் இடத்தில் ரப்பர் குழாய் கட்டாயம் வேண்டும். கதவைத் திறந்து மூடும்போதெல்லாம் அந்த ஒயர் மடங்கி நிமிர்கிறது அல்லவா?

சென்ட்ரல் லாக்: இன்புட், புரோகிராம், அவுட்புட்

பவர் விண்டோவுக்குக் கம்ப்யூட்டர் தேவையில்லை. சுவிட்சும் மோட்டாரும் போதும். சென்ட்ரல் லாக்குக்குத்தான் கண்ட்ரோலர் என்னும் சிறிய பெட்டி வருகிறது. அதற்குள் இருப்பது ஒரு மைக்ரோகண்ட்ரோலர் சிப்.

டிரைவர் கதவில் உள்ள ஆக்சுவேட்டருக்கு ஐந்து ஒயர். இரண்டு மோட்டாருக்கு, மற்ற மூன்றும் பூட்டு எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்வதற்கு. அதுதான் இன்புட். மற்ற கதவுகளின் ஆக்சுவேட்டருக்கு இரண்டே ஒயர். அவை அவுட்புட் மட்டும்தான். நடுவில் உள்ள புரோகிராமைத் தமிழில் எழுதினால் இப்படி இருக்கும்:

டிரைவர் கதவு பூட்டப்பட்டதா? ஆம் என்றால் எல்லாக் கதவுகளுக்கும் பூட்டும் திசையில் சுமார் அரை விநாடி கரண்ட் கொடு. பிறகு நிறுத்து.

இந்த "பிறகு நிறுத்து" மிக முக்கியம். ஆக்சுவேட்டர் தண்டு சுமார் 2 சென்டிமீட்டர்தான் நகரும். அதன் பிறகும் கரண்ட் போய்க்கொண்டிருந்தால் மோட்டார் சூடாகிக் கருகிவிடும்.

சிப்பின் கால்களில் வருவது மிகச் சிறிய கரண்ட். அது மோட்டாரை ஓட்டாது. எனவே நடுவில் ரிலே இருக்கிறது. சிறிய கரண்ட் ரிலேயின் காந்தத்தை இயக்கும். காந்தம் பெரிய கரண்டின் பாதையை மூடும். உங்கள் வீட்டில் கரண்ட் போகும்போது யுபிஎஸ் "டிக்" என்று ஒரு சத்தம் போடும் அல்லவா? அதுவும் ரிலேதான்.

வேனில் மட்டும் ஒரு தனிச் சிக்கல் உண்டு. தள்ளுக் கதவுக்குக் கீல் இல்லை. அது முழுவதும் பின்னால் நகர்ந்து போகிறது. ஒயரை நீளமாக விட்டால் எங்காவது மாட்டி அறுந்துவிடும். இதற்கு ஸ்பிரிங் வைத்த தொடுமுனைகளைப் பயன்படுத்துகிறார்கள். பாடியில் ஒரு பாதி, கதவில் மறு பாதி. கதவை மூடினால் இரண்டும் தொட்டுக்கொண்டு கரண்ட் போகும், திறந்தால் போகாது. தொடுமுனையில் தூசி படிந்தால் அந்தக் கதவு மட்டும் பூட்டாது. எனவே மாதம் ஒரு முறை துடைக்க வேண்டும்.

நான் செய்த தவறு

கிட்டுடன் கடைக்காரர் இன்னொரு சிறிய பெட்டியையும் காட்டினார். சுவிட்சை ஒரு தட்டு தட்டினால் கண்ணாடி தானாகவே கடைசி வரை ஏறிவிடும். ஆசைப்பட்டு வாங்கி இரண்டு கதவுக்கும் போட்டேன். அது மட்டுமல்ல. சாவியை எடுத்த பிறகும் கண்ணாடி ஏற வேண்டும் என்பதற்காக, சாவி வழியாக வரும் ஒயரை விட்டுவிட்டு பேட்டரியிலிருந்து நேராகக் கரண்ட் எடுத்தேன். பக்கத்துத் தெரு ஆட்டோ எலக்ட்ரீஷியன் அண்ணன் பார்த்துவிட்டு, "தம்பி, டைரக்ட்டாப் போடாதீங்க" என்றார். பியூஸ் இருக்கிறதே என்று நான் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் அக்கா ஊருக்குக் கிளம்பினாள். அவளுடைய நான்கு வயது மகள் முன் சீட்டில் மண்டியிட்டு, வெளியே கை நீட்டி அம்மாவுக்கு டாட்டா காட்டிக்கொண்டிருந்தாள். இன்னொரு கையைக் கதவில் ஊன்றினாள். ஊன்றிய இடத்தில் சுவிட்ச் இருந்தது. கண்ணாடி ஏற ஆரம்பித்தது. கையை எடுத்தாள், நிற்கவில்லை. குழந்தை அலறியதும் நான் ஓடிப்போய்ச் சாவியை அணைத்தேன். அப்போதும் நிற்கவில்லை. டிரைவர் சீட்டில் இருந்த அப்பா தன் பக்கத்து சுவிட்சில் கண்ணாடியை இறக்கினார். குழந்தையின் முழங்கைக்கு மேலே சிவப்பாக ஒரு கோடு. எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை என்று டாக்டர் சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

மோட்டாரும் பெட்டியும் பழுதில்லை. சொன்னதைச் சரியாகச் செய்தன. "ஏற்று" என்ற கட்டளை மட்டும் இருந்தது; "நடுவில் கை இருந்தால் என்ன செய்வது?" என்ற கேள்வி அதில் இல்லை. சாவியை அணைத்தால் நின்றிருக்க வேண்டும். அந்த வழியையும் நானே அடைத்து வைத்திருந்தேன்.

கம்பெனி வண்டியில் மட்டும் எப்படி நிற்கிறது?

தானாக ஏறும் கண்ணாடிக்குத் தடையை உணரும் வசதி வேண்டும். மோட்டார் தண்டில் ஒரு சிறிய காந்தமும் அதன் அருகே ஹால் சென்சாரும் இருக்கும். தண்டு சுற்றச் சுற்ற சென்சார் கம்ப்யூட்டருக்குத் துடிப்புகளை அனுப்பும். மவுஸின் சக்கரத்தை உருட்டும்போது கம்ப்யூட்டர் எண்ணுகிறதே, அதைப் போலத்தான். எண்ணிக்கையிலிருந்து கண்ணாடி எந்த உயரத்தில் இருக்கிறது என்று தெரியும். நடுவழியில் துடிப்புகளின் வேகம் திடீரெனக் குறைந்தால் ஏதோ தடுக்கிறது என்று பொருள். உடனே மோட்டார் திரும்பி ஓடும். ஐரோப்பாவில் பின்பற்றப்படும் விதிப்படி, தானாக ஏறும் கண்ணாடி 100 நியூட்டனுக்கு மேல் அழுத்தும் முன்பே திரும்ப வேண்டும். இது ஏறக்குறைய 10 கிலோ எடையின் அழுத்தம்.

சுவிட்சிலும் பாடம் இருக்கிறது. ஒரு பக்கம் அழுத்தினால் ஏறும், மறு பக்கம் அழுத்தினால் இறங்கும் வகை சுவிட்ச்மேல் கையோ முழங்காலோ பட்டால் போதும், கண்ணாடி நகரும். அதனால் அமெரிக்காவில் 2004இல் தொடங்கி விதிகளை மாற்றினார்கள். மேலே இழுத்தால் மட்டுமே கண்ணாடி ஏறும் சுவிட்ச் அங்கே கட்டாயமானது. குழந்தை சாய்ந்தால் சுவிட்ச் கீழேதான் அமுங்கும், கண்ணாடி இறங்கும்.

அன்று மாலையே அந்தத் தட்டுப் பெட்டிகளைக் கழற்றினேன். கரண்டை சாவி வழியாக மாற்றினேன். இழுத்து ஏற்றும் சுவிட்ச் வாங்கினேன். இப்போது விரலை எடுத்தால் கண்ணாடி நின்றுவிடும்.

ரிமோட் வாங்கும்போது

மலிவான சில ரிமோட்டுகள் ஒவ்வொரு முறையும் ஒரே எண்ணை அனுப்பும். அதை ஒருவர் பதிவு செய்து திரும்ப அனுப்பினால் கதவு திறந்துவிடும். "ரோலிங் கோடு" வகையில் ஒவ்வொரு அழுத்தத்துக்கும் எண் மாறும். பேங்கில் வரும் ஓடிபி ஒரு முறைதான் செல்லும் அல்லவா? அதே கருத்துதான். அதைக் கேட்டு வாங்குங்கள்.

கண்ட்ரோலர் ரிமோட்டுக்காகக் காத்திருக்கும்போதும் கரண்ட் எடுக்கும். 20 மில்லி ஆம்பியர் என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு 0.48 ஆம்பியர் ஹவர். 35 ஆம்பியர் ஹவர் பேட்டரியில் பாதி, சுமார் 36 நாளில் தீர்ந்துவிடும். மாதக்கணக்கில் வண்டியை நிறுத்துபவர்கள் மைனஸ் ஒயரைக் கழற்றி வைப்பது நல்லது.

வேலை முடிந்ததும் செய்ய வேண்டிய சோதனைகள்

1. சாவியை அணைத்ததும் கண்ணாடி நிற்கிறதா?

2. காகித அட்டைச் சுருளைக் கண்ணாடி வழியில் வைத்துப் பாருங்கள். கையை வைத்துச் சோதிக்காதீர்கள்.

3. பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு எல்லாக் கதவுகளையும் உள்ளிருந்து கையால் திறக்க முடிகிறதா?

4. அதே நிலையில் வெளியிலிருந்து சாவியால் ஒரு கதவாவது திறக்கிறதா?

5. ரிமோட்டில் திறந்து, கதவைத் தொடாமல் ஒரு நிமிடம் காத்திருங்கள். சில கண்ட்ரோலர்கள் தானாகவே மீண்டும் பூட்டிவிடும். அப்போது சாவி உங்கள் கையில் இருக்க வேண்டும்; வண்டிக்குள் இருக்கக் கூடாது.

ஒரு ஃபைலை அழிக்கும்போது "நிச்சயமாக அழிக்கலாமா?" என்று கம்ப்யூட்டர் கேட்பது உங்களுக்குத் தொல்லையாகத் தோன்றலாம். எனக்கும் அப்படித்தான் இருந்தது. நம் கை தவறும் என்று முன்பே யோசித்த ஒருவர்தான் அந்த வரியை எழுதியிருக்கிறார். நான் கதவுக்குள் வைத்த பெட்டியில் அந்த வரி இல்லை. அதுதான் என் தவறு.

அப்பா இப்போது ஒரு விரலால் கண்ணாடியை ஏற்றுகிறார். ஏற்றும் முன் பக்கத்துச் சீட்டைத் திரும்பிப் பார்க்கிறார். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.