பட்டுச் சங்கக் கணக்கும் உறுப்பினர் உரிமையும்

காஞ்சிபுரத்தின் பட்டு கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள், அவற்றுக்காக நெய்யும் உறுப்பினர்களுக்கே சொந்தம். காமாட்சியம்மன், முருகன், திருவள்ளுவர், அறிஞர் அண்ணா என்று பெயர் எதுவானாலும் அமைப்பு ஒன்றுதான். உறுப்பினர்கள் பங்குத்தொகை கட்டுகிறார்கள். நிர்வாகக் குழுவைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆண்டுப் பேரவையில் கணக்கைக் கேட்டு ஏற்கிறார்கள் அல்லது மறுக்கிறார்கள். ஒருவர் எத்தனை பங்கு வைத்திருந்தாலும் வாக்கு ஒன்றே. சங்கத்தின் பணம் எங்கே நிற்கிறது, புதிய கட்டடம் எதற்கு என்று பிள்ளையார்பாளையத்து நெசவாளர் ஒருவர் கேட்டால், அது உரிமையாளர் தன் கடைக் கணக்கைக் கேட்பதுதான். அதைக் கலகம் என்று பார்ப்பது தவறு.

கூட்டுறவு இந்த ஊருக்குப் புதிதல்ல. கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்த 1904-ஆம் ஆண்டு அக்டோபரிலேயே, இந்தியாவின் முதல் நகரக் கூட்டுறவுக் கடன் சங்கம் காஞ்சிபுரத்தில் பதிவாயிற்று. நெசவாளர் சங்கங்கள் அதன் பின் வந்தவை. முதலாளியிடம் முன்பணம் வாங்கி, அந்தக் கடன் தீரும்வரை அவருக்கே நெய்து கொடுக்க வேண்டிய கட்டிலிருந்து விடுபட நெசவாளருக்குக் கிடைத்த வழி அது.

சங்கத்தின் அன்றாட வேலை தராசில் தொடங்குகிறது. பாவும் ஊடையும் ஜரிகையும் எடை போட்டு உறுப்பினருக்குக் கொடுக்கப்படுகின்றன. ஒரு பாவில் பெரும்பாலும் மூன்று சேலை. வீட்டுத் தறியில் நெய்து முடித்த சேலையைக் கொண்டுவந்தால் மறுபடி எடை. வாங்கிய நூலுக்கும் கொடுத்த சேலைக்கும் கணக்கு ஒத்துப்போன பிறகே கூலி. கிராம் பிசகினாலும் நெசவாளரிடம் விளக்கம் கேட்கும் சங்கம், தன் ஆண்டுக் கணக்கில் லட்சங்கள் பிசகினால் அதே நெசவாளருக்கு விளக்கம் சொல்லக் கடமைப்பட்டது.

அந்த ஆண்டுக் கணக்கில் முதலில் பார்க்க வேண்டியது லாபமல்ல, சரக்கிருப்பு. பட்டுச் சங்கத்தின் செல்வம் கிடங்கில் சேலையாக அடுக்கி வைக்கப்பட்டிருக்கிறது. மூலப்பொருளும் கூலியும் சேர்ந்து 20,000 ரூபாய் அடக்கமான ஒரு சேலை இரண்டு ஆண்டு விற்காமல் கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை நெய்ய மத்தியக் கூட்டுறவு வங்கியில் எடுத்த காசுக்கடனுக்கு 10 சதவீத வட்டி என்றால், வட்டி மட்டுமே 4,000 ரூபாய். இருப்புப் பட்டியலிலோ அந்தச் சேலை 20,000 ரூபாய்ச் சொத்தாகவே நிற்கும். நிறம் மங்கி, மடிப்பில் இற்று, கடைசியில் கழிவு விலைக்குப் போகும்போதுதான் நட்டம் வெளியே தெரியும். அதற்குள் தீபாவளி போனஸும் ஈவுத்தொகையும் ஏட்டு லாபத்தை வைத்துப் பேசப்பட்டிருக்கும். எனவே பேரவையில் கேட்கத்தக்க முதல் கேள்வி: ஓராண்டுக்கு மேல், இரண்டாண்டுக்கு மேல், மூன்றாண்டுக்கு மேல் தேங்கிய சேலைகள் எத்தனை, அவை எந்த விலையில் மதிப்பிடப்பட்டிருக்கின்றன?

அடுத்தது வரவேண்டிய பாக்கி. அரசு தரவேண்டிய தள்ளுபடி மானியமும், சேலை வாங்கிய கோ-ஆப்டெக்ஸ் போன்ற நிறுவனங்கள் தரவேண்டிய தொகையும் ஐந்தொகையில் சொத்துப் பக்கம் இருக்கும். அவை கைக்கு வரும்வரை சங்கம் வட்டி கட்டிக்கொண்டே இருக்கும்.

ஜரிகை தனிக் கவனம் கேட்பது. மார்க் என்னும் எடை அளவில் வாங்கும் ஜரிகையின் விலை வெள்ளி விலையோடு ஏறி இறங்குகிறது. பட்டு நூல் 24, செம்பு 35.5, வெள்ளி 40, தங்கம் 0.5 சதவீதம் என்பது தமிழ்நாடு ஜரிகை நிறுவனம் பின்பற்றும் அளவு. எந்த விலைக்கு, யாரிடம், எந்தத் தரத்தில் வாங்கப்பட்டது என்பதற்கான ரசீதும் சோதனை முடிவும் சங்கத்தில் இருக்க வேண்டும். உறுப்பினர் பட்டியலையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். தறியே இல்லாதவர் பெயரில் உறுப்பினர் எண் இருப்பதும், அந்தப் பெயரில் வெளிச் சேலை உள்ளே வருவதும் உண்மையாக நெய்பவரின் வேலையைப் பறிக்கும். கைத்தறி ரக ஒதுக்கீட்டுச் சட்டம் 1985-இல் வந்ததே இந்த வேலையைக் காக்கத்தான்.

காந்தி சாலையில் புதிய விற்பனை நிலையம், குளிரூட்டிய மாடி, விருந்தினர் அறை என்று திட்டம் வரும்போது கேள்விகள் கூர்மையாக வேண்டும். தனியார் கடைகளோடு போட்டியிட நல்ல கடை தேவை என்ற குழுவின் வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் பணம் சேமநிதியிலிருந்தா, கடனிலிருந்தா? கூடுதல் விற்பனை எவ்வளவு எதிர்பார்க்கப்படுகிறது? கிடங்குச் சேலை கரையாத நிலையில் கட்டடம் முந்துவது ஏன்? கீழ்க்கதிர்ப்பூரில் 75 ஏக்கரில் திட்டமிடப்பட்ட பட்டுப் பூங்கா போன்ற பெரிய வசதிகளிலும் இதே கவனம் தேவை. வீட்டில் சமையலுக்கும் பிள்ளைகளுக்கும் இடையே தறியில் உட்காரும் பெண்கள் அங்கே போய் நெய்வார்களா என்பதை அவர்களிடமே கேட்காமல் எந்தக் கொட்டகையும் பயன்படாது.

பெரிய செலவுக்கு முன் உறுப்பினரைக் கேட்பதற்கு வெளியிலும் எடுத்துக்காட்டு உண்டு. உலகப் புகழ்பெற்ற பார்சிலோனா கால்பந்து கிளப்பும் உறுப்பினர்களுக்குச் சொந்தமானதே. அங்கே 2020-இல் தலைவர் பார்தொமேயு மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் கோரி 20,000-க்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் கையெழுத்திட்டார்கள். வாக்கெடுப்புக்கு முன்பே அக்டோபர் 27 அன்று அவர் விலகினார். அடுத்த ஆண்டு கிளப்பின் கடன் 135 கோடி யூரோ என்று புதிய தலைவர் லாப்போர்ட்டா அறிவித்தார். அந்த நிலையிலும் மைதானத்தைப் புதுப்பிக்க 150 கோடி யூரோ வரை நிதி திரட்டும் திட்டத்தை 2021 டிசம்பரில் உறுப்பினர் வாக்கெடுப்புக்கு விட்டார்கள்; வாக்களித்தவர்களில் சுமார் 88 சதவீதம் பேர் ஒப்பினர். தொகையும், அது திரும்பும் வழியும் முன்கூட்டியே உறுப்பினர் முன் வைக்கப்பட்டன. காஞ்சிபுரம் சங்கங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது, முதலில் கணக்கு, பிறகு வாக்கு என்ற இந்த வரிசையைத்தான்.

கேட்டும் பதில் வராதபோது என்ன செய்வது? 1983-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம் வழி வைத்திருக்கிறது. கூட்டுறவுத் தணிக்கைத் துறையின் அறிக்கை பேரவைக்கு வர வேண்டும். அதில் சுட்டப்பட்ட குறைகளையும் குழு தந்த விளக்கத்தையும் வரி வரியாகக் கேட்கலாம். உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கினர் கையெழுத்திட்டு விண்ணப்பித்தால் 81-ஆம் பிரிவின்படி பதிவாளர் விசாரணை நடத்தலாம். நெசவாளர் சங்கங்களுக்கு அந்த அதிகாரம் கைத்தறித் துறையிடம் இருக்கிறது. கையாடலோ வேண்டுமென்றே செய்த அலட்சியமோ சங்கத்துக்கு நட்டம் உண்டாக்கியது என்று தெரிந்தால், 87-ஆம் பிரிவின் தண்டத்தீர்வை நடவடிக்கையில் பொறுப்பாளரிடமே தொகையை வசூலிக்க முடியும். குழுவைக் கலைக்க 88-ஆம் பிரிவு.

தகவல் உரிமைச் சட்டம் நேரடியாகக் கைகொடுப்பதில்லை. கேரளத்தின் தலப்பலம் கூட்டுறவு வங்கி வழக்கில் 2013-இல் உச்ச நீதிமன்றம், அரசின் பெரும் நிதியோ ஆழ்ந்த கட்டுப்பாடோ இல்லாத கூட்டுறவுச் சங்கம் அச்சட்டத்தின் கீழ் பொது அதிகார அமைப்பு ஆகாது என்றது. அதே தீர்ப்பு, பதிவாளர் சட்டப்படி பெறக்கூடிய தகவலை அவரிடம் கேட்டுப் பெறலாம் என்றும் சொன்னது. ஆகவே மனுவைச் சங்கத்துக்கு அனுப்புவதைவிடக் கைத்தறித் துறை அலுவலகத்துக்கு அனுப்புவதே பலன் தரும்.

குழுவின் பதவிக்காலம் ஐந்தாண்டு. 2013-இலும் 2018-இலும் கூட்டுறவுத் தேர்தல்கள் நடந்தன. தேர்ந்தெடுத்த குழு இல்லாத காலங்களில் அரசு அதிகாரி ஒருவர் சங்கத்தை நடத்துகிறார். அப்போது பேரவையில் எதிரே அமர்ந்திருப்பவர் சக நெசவாளர் அல்ல என்பதால் கேட்கத் தயக்கம் கூடுகிறது. உண்மையில் அப்போதுதான் கேள்விகளை எழுத்தில் கொடுத்து, ஒப்புகை வாங்கி, தீர்மானப் புத்தகத்தில் பதியச் சொல்வது அவசியம். அதிகாரி மாறுதலாகிப் போனாலும் அடுத்து வருபவர் அந்தப் பக்கத்துக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.